காத்தடிச்சா கரகரக்கிற ரிப்பீட்டர்: காரைக்குடி கேஸ் முழுசா

காரைக்குடில ஒரு பழைய நகரத்தார் வீட்டு மொட்டைமாடில நம்ம ஹாம் ஆளுங்க (பொழுதுபோக்கு ரேடியோக்காரங்க) சேந்து ஓட்டுற 2 மீட்டர் அலை நீள ரிப்பீட்டர் இது, அதாவது சின்ன செட்டோட சிக்னல கேட்டு அதே நேரத்துல பெருசா திருப்பி அனுப்புற நிலையம். 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அனுப்பும், அதுக்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழ கேக்கும், எல்லா ஊர்லயும் இருக்கிற செட்டப் தான். காத்து இல்லாத நாள்ல பிள்ளையார்பட்டில இருந்து கைல புடிக்கிற 5 வாட்ஸ் செட்டுலயே பேசலாம். ஆடி பொறந்துட்டா போச்சு, ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றாங்கல்ல, இங்க சிக்னலே பறந்துடுது. பேசுறவர் குரலுக்கு நடுவுல அப்பளம் நொறுக்குற மாதிரி கரகரன்னு வருது, குன்றக்குடில நிக்கிறவர் பாதி வார்த்தைல காணாம போறாரு. இன்னும் மோசமானது என்னன்னா பேசி முடிச்சு, பேச அழுத்துற பிடிடி பட்டன விட்டதுக்கப்புறமும் ரிப்பீட்டர் இறங்காது, அதாவது அனுப்புறத நிறுத்தாது, தன் சத்தத்த தானே கேட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் மேலயே நிக்கும், விழும், உடனே ஏறும், மறுபடி விழும். மழை பெய்ஞ்ச மறுநாள் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்தமா வேலை செய்யும்.

இந்த கடைசி விஷயத்த யாரும் பெருசா எடுத்துக்கல. எனக்கு அதுதான் மொதல்ல உறுத்துச்சு. கேபிளுக்குள்ள தண்ணி போயிருந்தா மழைக்கப்புறம் மோசமாகணும், இங்க நல்லாகுதுன்னா கதை வேற.

உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடறேன். கார்ல வைக்கிற மோட்டரோலா ஜிஎம் 300 மொபைல் ரேடியோ செட்டு ரெண்டு, ஒண்ணு கேக்க, ஒண்ணு அனுப்ப. நடுவுல ஒரு சின்ன கண்ட்ரோலர் போர்டு. ஆறு கேவிட்டி (உலோக டப்பா) டூப்ளெக்ஸர், ஒரே ஆண்டெனால அனுப்புறதையும் கேக்கிறதையும் பிரிச்சு வைக்கிறது இது தான், கேவிட்டி ஒவ்வொண்ணும் அரை மீட்டருக்கு மேல உயரம், ஏன்னா 145 மெகாஹெர்ட்ஸ்ல கால் அலை நீளமே 51 சென்டிமீட்டர் சொச்சம் வரும். மேல போற கேபிள் அலுமினிய ஃபாயிலும் அதுக்கு மேல ஈயம் பூசின செம்பு பின்னலும் இருக்கிற அந்த கறுப்பு கேபிள், எல்லாரும் வாங்குறது தான். உச்சில ஃபைபர் குழாய் ஆண்டெனா. வீடே ரெண்டு மாடி, அதுக்கு மேல மாஸ்ட், எல்லாம் சேத்து ஆண்டெனா தரைல இருந்து சுமார் 25 மீட்டர். 4.12ஐ மீட்டர் உயரத்தோட வர்க்கமூலத்தால பெருக்கினா ரேடியோ தொடுவானம் கிலோமீட்டர்ல வந்துடும், அதாவது ஆண்டெனாவுக்கு 20, கைல இருக்கிற செட்டுக்கு ஒரு 5, மொத்தம் 25 கிலோமீட்டர். இந்த பக்கம் மலைன்னு சொல்ல குன்றக்குடியும் தள்ளி பிரான்மலையும் தான், மத்தபடி கண்மாயும் பொட்டலுமா மட்டமான பூமி, அதனால இந்த கணக்கு கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். தேவகோட்டை, கானாடுகாத்தான், குன்றக்குடி எல்லாம் இந்த வட்டத்துக்குள்ள தான்.

ரிப்பீட்டர்ல என்ன கஷ்டம்னு புதுசா வர்றவங்களுக்கு ஒரு நம்பர சொன்னா போதும். டிரான்ஸ்மிட்டர் 25 வாட்ஸ், அதாவது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்ட விட எத்தனை டிபி கூடங்கிற கணக்கு, 10 டிபின்னா 10 மடங்கு). ரிசீவர் கேக்கக்கூடிய சின்ன சிக்னல் 0.25 மைக்ரோவோல்ட், அது மைனஸ் 119 டிபிஎம். ரெண்டுக்கும் நடுவுல 163 டிபி. ஒண்ணுக்கு பின்னாடி 16 சைபர் போட்டுக்கங்க, அத்தனை மடங்கு பெரிய சத்தத்த போட்டுக்கிட்டே, அதே ஆண்டெனால, அதே நேரத்துல, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அந்த பொடி சிக்னல கேக்கணும். இந்த 163 டிபில எங்கயாச்சும் துளி கசிஞ்சா ரிசீவர் காது மந்தமாயிடும், இத தான் டிசென்ஸ்ன்னு சொல்றோம். டூப்ளெக்ஸர் பெட்டிக்குள்ள நடக்கிற கசிவ பாத்துக்கும், ஆனா ஆண்டெனாவ தாண்டி வெளில உருவாகி அதே ஆண்டெனா வழியா ரிசீவ் அலைவரிசைலயே உள்ள வர்ற சத்தத்த எந்த டூப்ளெக்ஸரும் தடுக்காது, அதுக்கு அது நல்ல சிக்னல் மாதிரி தான் தெரியும். இந்த கேஸ் முழுக்க இந்த ஒரு வரில தான் சுத்துது. ஆண்டெனாவ சுத்தி பத்து மீட்டருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு இரும்பும் உங்க ரிப்பீட்டர் சர்க்யூட்ல ஒரு பார்ட்டு, நீங்க வாங்கலன்னாலும், உங்களுக்கு முன்னாடி யாரோ வச்சதுன்னாலும்.

எனக்கு முன்னாடி பாத்தவங்க ஸ்குவெல்ச்ச, அதாவது சிக்னல் இல்லாதப்ப இரைச்சல மூடி வைக்கிற கதவ, இறுக்கி வச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் 88.5 ஹெர்ட்ஸ் சிடிசிஎஸ்எஸ் டோன் போட்டாங்க, குரலோட இந்த டோனும் சேந்து வந்தா மட்டும் தான் ரிப்பீட்டர் ஏறும். டோன் போட்டதும் தானா ஏறி இறங்குறது நின்னுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா குன்றக்குடிக்காரர் காணாம போறது அப்படியே தான் இருந்துச்சு. டோன் சத்தத்த நம்ம காதுல இருந்து மறைக்கும், ரிசீவர் காதுல இருந்து எடுக்காது. டோன் வேணாம்னு சொல்ல வரல, டோன் கட்டாயம் இருக்கணும், ஆனா கோளாறு தேடுறப்ப மொத வேலையா அத ஆஃப் பண்ணிட்டு ஸ்குவெல்ச்ச தெறந்து விட்டு காதால கேக்கணும்.

மொதல்ல டிரான்ஸ்மிட்டர் வராம பிடிடி வயர கழட்டிட்டு வெறும் ரிசீவர மட்டும் கேட்டோம். அடுத்த தெருல ஒரு வீட்ல கல்யாணம், வீடு முழுக்க சீரியல் செட்டு லைட்டு, அதோட மலிவு எல்இடி டிரைவர்ங்க போடுற இரைச்சல் ரிசீவர்ல நல்லா தெரிஞ்சுது. இந்த ஊர்ல முகூர்த்த மாசத்துல இது சகஜம், வருஷம் பூரா பூட்டி கிடக்கிற வீடு ரெண்டு நாள் தெறப்பாங்க, சாயங்காலம் ஆனா ஜெகஜ்ஜோதி, நம்ம இரைச்சல் தளம் மேல போயிடும். ஆனா இது ஒரே சீரா ஸ்ஸ்ஸ்னு வர்ற சத்தம், டிரான்ஸ்மிட்டர் இருந்தாலும் இல்லன்னாலும் இருக்கும், காத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. தனியா ஒதுக்கி வச்சுட்டோம். நாம தேடுறது டிரான்ஸ்மிட்டர் ஏறினா மட்டும் வர்றது.

அடுத்தது டம்மி லோடு டெஸ்ட், இத கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இத பண்ணாமலே டூப்ளெக்ஸர் ஸ்க்ரூவ திருக ஆரம்பிச்சுடறாங்க. டூப்ளெக்ஸரோட ஆண்டெனா முனைல கேபிள கழட்டிட்டு 50 ஓம் டம்மி லோடு, அதாவது ஆண்டெனாவுக்கு பதிலா பவர வாங்கிக்கிற மின்தடை. நடுவுல ஒரு கப்ளர் (பக்கவாட்டுல துளி சிக்னல நுழைக்கிற துண்டு), அது வழியா சிக்னல் ஜெனரேட்டர்ல இருந்து ரிசீவ் அலைவரிசைல ரொம்ப சன்னமா ஒரு சிக்னல விடணும். டிரான்ஸ்மிட்டர் ஆஃப்ல இருக்கப்ப 12 டிபி சினாட் (இரைச்சலுக்கு மேல சிக்னல் எவ்வளவு தெளிவா நிக்குதுங்கிற அளவு) வர்ற மாதிரி ஜெனரேட்டர வச்சு நம்பர எழுதிக்கங்க. இப்ப டிரான்ஸ்மிட்டர ஆன் பண்ணுங்க. சினாட் விழும். மறுபடி 12 டிபி வர்ற வரைக்கும் ஜெனரேட்டர ஏத்துங்க. ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசம் தான் டிசென்ஸ். அப்புறம் டம்மி லோட எடுத்துட்டு அதே இடத்துல ஆண்டெனா கேபிள மாட்டி திரும்ப பண்ணுங்க. டம்மி லோடுலயும் கெட்டதா இருந்தா கோளாறு ரூமுக்குள்ள. டம்மில நல்லா இருந்து ஆண்டெனால கெட்டா கோளாறு மாடில.

எங்க கேஸ்ல ரெண்டு பக்கமும் இருந்துச்சு. டம்மி லோடுல சுமார் 4 டிபி. ஆண்டெனால காத்து இல்லாதப்ப 7. காத்து ஒரு வீசு வீசினா ஊசி ஆடி 20 வரைக்கும் போச்சு. மட்டமான நிலத்துல கணக்கு என்னன்னா 12 டிபி போனா தூரம் பாதியாகும், அப்ப 20 டிபின்னா குன்றக்குடி எங்க, நம்ம எங்க.

டூப்ளெக்ஸர் மேல சந்தேகம் வந்து அத செக் பண்ணோம். நானோவிஎன்ஏங்கிற சின்ன அளவுக் கருவில கேவிட்டியோட நாட்ச், அதாவது அது அடைக்கிற இடம், எங்க விழுதுன்னு பாக்கலாம், எவ்வளவு ஆழம்னு பாக்க முடியாது, அதோட வீச்சு 70 டிபி பக்கம் தான், நமக்கு வேண்டியது 85க்கு மேல. அதனால ஜெனரேட்டர டிரான்ஸ்மிட் முனைல குடுத்து ரிசீவரையே மீட்டரா வச்சு அளந்தோம். டூப்ளெக்ஸர் நல்லாவே இருந்துச்சு. சூட்டுக்கு அதிகம் நீளாத இன்வார் கம்பி வச்ச சரக்கு, மாடி ரூம்ல வெயில்காலம் 40 டிகிரிக்கு மேல போனாலும் பெருசா நகரல. இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், விலை கம்மின்னு கைல அடங்குற நாட்ச் டூப்ளெக்ஸர் விக்கிறாங்க பாருங்க, அது 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கு பண்ணது, 600 கிலோஹெர்ட்ஸுக்கு அதால ஒண்ணும் ஆகாது, வாங்கி ஏமாறாதீங்க.

ரூமுக்குள்ள இருந்த கோளாறு ஜம்பர் கேபிள்ல. ரெண்டு செட்டுல இருந்து டூப்ளெக்ஸருக்கு போன துண்டு கேபிள் ரெண்டும் ஆர்ஜி-58, ஒத்தை பின்னல், அதுவும் பாக்க அழகா இருக்கட்டும்னு டிரான்ஸ்மிட் கேபிளையும் ரிசீவ் கேபிளையும் ஒண்ணா சேத்து டை போட்டு கட்டி வச்சிருந்தாங்க. ஒத்தை பின்னலுக்கு வெளில கசியிறது பக்கத்து கேபிளுக்குள்ள போகுது, நடுவுல லட்ச ரூபா டூப்ளெக்ஸர் வச்சு என்ன புண்ணியம். ரெட்டை பின்னல் ஆர்ஜி-400 போட்டு, ஒண்ண ரேக்கோட இந்தப் பக்கமும் இன்னொண்ண அந்தப் பக்கமும் கொண்டு போனோம். எல்போ அடாப்டர் எல்லாத்தையும் தூக்கிட்டு நேரா என்-டைப் (N) கனெக்டர். டம்மி லோடு டிசென்ஸ் அரை டிபிக்கு கீழ வந்துடுச்சு. கேவிட்டிக்கு கேவிட்டி நடுவுல இருக்கிற கேபிள தொடல, அது கம்பெனிலயே ரெட்டை பின்னல், மேலும் அதோட நீளம் கணக்கு வச்சு வெட்டுனது. ஆர்ஜி-58 மாதிரி பாலிஎத்திலீன் கேபிள்ல கால் அலை 34 சென்டிமீட்டர்னா டெஃப்லான் உள்ள ஆர்ஜி-400ல 36 வரும், கனெக்டர் நீளமும் அதுல அடக்கம். கண்ணளவுல வெட்டி மாட்டினா டியூனிங் மொத்தமும் போகும்.

இனி மாடி.

மேல போற கேபிள மொதல்ல கையால ஆட்டிப் பாத்தோம். டிரான்ஸ்மிட்டர் ஓடிக்கிட்டு இருக்கப்ப ஒருத்தர் கேபிள ஒரு அடி ஆட்டினாலே ரிசீவர்ல கரகரப்பு. இது இந்த வகை கேபிளுக்கே உள்ள குணம், ஃபாயில் அலுமினியம், பின்னல் செம்பு, ரெண்டும் ஒட்டாம ஒண்ணு மேல ஒண்ணு உரசிக்கிட்டு இருக்கும், காத்துல ஆடுறப்ப தொடுற இடம் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு நேரத்துல அனுப்பவோ கேக்கவோ மட்டும் செய்யிற சாதாரண ஸ்டேஷனுக்கு இது அருமையான கேபிள், யாரும் கொற சொல்ல முடியாது. அனுப்பிக்கிட்டே கேக்கிற ரிப்பீட்டருக்கு ஆகாது. புதுசுல ஒண்ணும் தெரியாது, வருஷம் போகப் போக தான் வேலைய காட்டும். அரை இஞ்ச் ஹார்ட்லைன் வாங்கினோம், வெளித்தோல் ஒரே செம்புக் குழாய் நெளிநெளியா, உரச எதுவும் இல்ல. 150 மெகாஹெர்ட்ஸ்ல 100 மீட்டருக்கு 3 டிபிக்கும் கம்மியா தான் தின்னும். வெலை தான் கண்ண கட்டுது, மொபைல் டவர் கழட்டுற இடத்துல மிச்சம் மீதி துண்டு கெடைச்சா கனெக்டரோட வாங்கிப் போட்டுடுங்க.

ஹார்ட்லைன் போட்டதும் காத்தில்லா நேரத்துல டிசென்ஸ் ஒண்ணரை டிபிக்கு வந்துச்சு. காத்தடிச்சா இன்னமும் 15 வரைக்கும் ஆட்டம். இந்த இடத்துல கூட இருந்தவங்க எல்லாம் ஆண்டெனாவ தான் கை காட்டினாங்க, நியாயம் தான், ஃபைபர் குழாய்க்குள்ள ஈயப்பத்து விட்டு போன ஜாயிண்ட் காத்துல ஆடி இதே சத்தம் போடுறத நானே வேற ஊர்ல பாத்திருக்கேன். புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மடக்கு டைபோல் ஆண்டெனா செஞ்சு தற்காலிகமா கட்டி பாத்தோம். அதே கரகரப்பு. ஆண்டெனா மேல தப்பில்ல.

பவர கொறைச்சு பாத்தோம், 25 வாட்ஸ்ல இருந்து 5க்கு கொண்டு வந்தா கரகரப்பும் கூடவே அமுங்குச்சு, அப்ப சத்தம் நம்ம பவர்ல இருந்து தான் பொறக்குது. கேபிள் இல்ல, ஆண்டெனா இல்ல, அப்ப மாடில நம்ம அலை படுற வேற ஏதோ ஒரு இரும்பு.

ரிசீவர் சத்தத்த ஒரு நீள ஒயர் போட்டு மாடிக்கு கொண்டு வந்து ஸ்பீக்கர்ல விட்டோம், டிரான்ஸ்மிட்டர 5 வாட்ஸ்லயே வச்சுக்கிட்டோம், ஆண்டெனா கிட்டத்துல நிக்கிறப்ப முழு பவர் வேணாம்ல. அப்புறம் ஒரு காஞ்ச மூங்கில் கம்ப எடுத்துக்கிட்டு மாடில இருக்கிற இரும்பு ஒவ்வொண்ணையும் தட்டிக்கிட்டே போறது தான் வேலை. மாஸ்ட் அடிப்பாகம், தட்டினா சத்தம் இல்ல. தண்ணித் தொட்டி ஏணி, லேசா ஒரு டிக். மாஸ்ட்ட இழுத்துக் கட்டுற ஸ்டே கம்பியோட டர்ன்பக்கிள் (கம்பிய இறுக்குற திருகு), இங்க நல்லாவே ஒரு கரக். கைப்பிடிச் சுவர் மேல இருக்கிற வார்ப்பிரும்பு கிரில், அந்தக் காலத்துல கப்பல்ல வந்தது, பூவும் கொடியுமா வேலைப்பாடு, அத தட்டினா ஒரு பக்கம் அமைதி, இன்னொரு பக்கம் மூலைல தட்டினதும் ஸ்பீக்கர் அலறுச்சு. அந்த மூலைல கிரில்லோட சேத்து ஒரு துருப்பிடிச்ச கம்பி முறுக்கிக் கட்டியிருந்துச்சு. கம்பிய பிடிச்சு கண்ணால மேல போனா, நம்ம மாஸ்ட்ல இருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி ஒரு பழைய ஜிஐ பைப் கம்பம், உச்சில பாதி குச்சி உடைஞ்ச டிவி ஆண்டெனா.

வீட்டப் பாத்துக்கிற பெரியவர் பக்கத்துல தான் நின்னாரு.

"இது என்னண்ணே, எந்தக் காலத்து ஆண்டெனா?"

"அது செட்டியார் ரூபவாஹினி பாக்குறதுக்கு வச்சது தம்பி. இந்தத் தெருலயே மொதல்ல இங்க தான் படம் தெரிஞ்சுது. அத ஆச்சிய கேக்காம தொடக்கூடாது."

1982ல இலங்கைல ரூபவாஹினி ஆரம்பிச்சப்ப நம்ம தென்மாவட்டத்துல பல ஊர்ல மெட்ராஸ் தூர்தர்ஷன் எட்டாது, கடலத் தாண்டி வர்ற இலங்கை சிக்னல் எட்டும், அதுக்காக வசதி உள்ளவங்க கம்பத்து மேல கம்பம் சொருகி உயரமா ஆண்டெனா வச்சாங்க. அந்த மிச்சம் இது. ரெண்டு பைப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டு ஒரே ஒரு போல்ட்டு, அந்த போல்ட்டு துருவா பூத்துப் போய் பைப்புக்குள்ள லொடலொடன்னு ஆடுது. ஸ்டே கம்பி ஒண்ணு கிரில்ல, ஒண்ணு யாரோ புத்திசாலி நம்ம புது மாஸ்ட்லயே கட்டியிருக்காங்க. அந்த துண்டு கம்பி நீளம் வேற கிட்டத்தட்ட ஒரு மீட்டர், 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை, அதாவது நம்ம அலைய நல்லா இழுத்து வாங்கிக்கிற நீளம்.

துரு எப்படி இரைச்சலாகுதுன்னு ஒரு வாக்குவாதம் அங்கயே நடந்துச்சு. துருப்பிடிச்ச ஜாயிண்ட் டையோடு மாதிரி வேலை செய்யும்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மை தான், ரெண்டு மூணு டிரான்ஸ்மிட்டர் இருக்கிற டவர்ல அது கலவை சிக்னல உண்டாக்கும். ஆனா இங்க ஓடுறது ஒரே ஒரு கேரியர் (நாம அனுப்புற அலை), டையோடு மட்டும்னா அதோட ரெண்டு மடங்கு மூணு மடங்கு அலைவரிசை தான் வரும், 600 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல வந்து நிக்க வேலையே இல்ல. இங்க நடந்தது வேற. கம்பில ஓடுற நம்ம ஆர்எஃப் கரண்ட், அந்த லொடலொட ஜாயிண்ட்ல தொடுறதும் விடுறதுமா வெட்டுப்படுது. ஒவ்வொரு வெட்டும் ரொம்ப சடார்னு நடக்கிறதால அதோட சிதறல் கேரியருக்கு ரெண்டு பக்கமும் மெகாஹெர்ட்ஸ் கணக்குல பரவும். நம்ம கேரியர விட 140 டிபி கீழ இருந்தாலும் போதும், அது மைனஸ் 96 டிபிஎம், நம்ம ரிசீவர் கேக்கிற கடைசி சிக்னல விட 20 டிபிக்கு மேல பெருசு. மழை பெய்ஞ்சா துருவுக்குள்ள ஈரம் இறங்கி அந்த இடைவெளிய கடத்தியா ஆக்கிடுது, தொடுறது விடுறது இல்ல, சத்தமும் இல்ல. காஞ்சு காத்தடிச்சா மறுபடி ஆரம்பம். மொதல்ல உறுத்தின மழை சமாச்சாரம் இது தான்.

இதுல இன்னொரு கொடும, நாட்டுக்கே துருவப் பத்தி ஆராய்ச்சி பண்ணிச் சொல்ற சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953ல இருந்து இதே காரைக்குடில தான் இருக்கு.

ஆச்சி சென்னைல இருக்காங்க, ஃபோன் போட்டோம். "அதையா இன்னும் வச்சிருக்கீங்க? எடுத்துருங்கப்பா. ஓடு ஒண்ணும் ஒடையாம பாத்துக்கங்க, இப்ப அந்த ஓடு போட ஆளு கெடைக்க மாட்டேங்குது. கிரில்ல கை வைக்காதீங்க." கிரில்ல எங்க கை வைக்கிறது, அத அறுத்தா அடுத்த வாரம் முனீஸ்வரன் கோயில் தெருல பழைய சாமான் கடைல தொங்கும்.

கம்பத்த கயிறு கட்டி மெதுவா ரெண்டு துண்டா இறக்கினோம், பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி சேஃப்டி பெல்ட் போட்டுக்கிட்டு ஏறினான், ஓடு ஒண்ணு கூட போகல. துரு கம்பி எல்லாம் வெட்டி எடுத்தாச்சு. கிரில்ல ரெண்டு பலகை சேர்ற இடத்துல துரு சுரண்டி, ரெண்டையும் ஈயம் பூசின செம்பு பின்னல் பட்டையால ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு இணைச்சு மேல கிரீஸ் தடவிட்டோம். வெறும் செம்ப ஜிஐ மேல நேரா வச்சு முறுக்காதீங்க, ரெண்டு உலோகமும் சண்டை போட்டு ஜிஐ தான் சாகும், ரெண்டு மழைல புது துரு ரெடி. நம்ம மாஸ்ட்டோட ஸ்டே கம்பில ஆண்டெனாவுக்கு பக்கத்துல வர்ற மேல் துண்டு மட்டும் பாலியஸ்டர் கயிறா மாத்தினோம். நைலான் நம்ம வெயிலுக்கு தொய்யும். டர்ன்பக்கிள் எல்லாத்துக்கும் குறுக்க ஒரு ஜம்பர் பட்டை, அது ஆடினாலும் கரண்ட் போற வழி மாறாது.

மறுபடி கம்ப எடுத்துக்கிட்டு ஒரு சுத்து தட்டினோம். தண்ணித் தொட்டி ஏணியோட அந்த டிக் மட்டும் பாக்கி, அதையும் வெல்டிங் வச்சு முடிச்சாச்சு.

பெட்டி தெறந்தாச்சு, கையோட ஆடியோவையும் பாத்துடலாம்னு எறங்கினோம், ரொம்ப நாளா "குரல் குடத்துக்குள்ள இருந்து வருது"ன்னு புகார். பழைய கனெக்ஷன்ல ரிசீவரோட ஸ்பீக்கர் அவுட்ட எடுத்து டிரான்ஸ்மிட்டரோட மைக்ல குடுத்திருந்தாங்க. யாராச்சும் தூசி தட்டுறப்ப வால்யூம் குமிழ் நகந்தா ஊருக்கே சத்தம் கூடும், இல்ல கொறையும். எஃப்எம்ல அனுப்புறப்ப மேல்சுரத்த ஆக்டேவுக்கு 6 டிபி தூக்கி அனுப்பி, கேக்கிறப்ப அதே அளவு இறக்குவாங்க, இந்த தூக்கலும் இறக்கலும் சரிசமமா இருந்தா தான் குரல் குரலா இருக்கும். ஸ்பீக்கர் வழி போனா நடுவுல ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரோட ஃபில்டர், மைக் ஃபில்டர், லிமிட்டர்னு எல்லாம் சேந்து கெடுக்குது. ஜிஎம் 300ல பின்னாடி 16 பின் கனெக்டர் இருக்கு, அதுல டிஸ்கிரிமினேட்டர் ஆடியோவ, அதாவது இறக்கலுக்கு முன்னாடி இருக்கிற பச்சை ஆடியோவ, அப்படியே எடுத்து, இன்னொரு செட்டோட ஃப்ளாட் ஆடியோ பின்னுல குடுத்தா தூக்கல் இறக்கல் எதுவுமே நடுவுல கெடையாது, வந்தது வந்தபடி போகும். செட்டுக்குள்ள ஒரு ஜம்பர மாத்தணும், மத்தபடி கேபிள் வேலை தான். ஒண்ணு, டிஸ்கிரிமினேட்டர்ல இருந்து நேரா எடுத்தா ஸ்குவெல்ச் இருக்காது, பேசாதப்ப இரைச்சலும் சேந்து வரும், அதனால கண்ட்ரோலர் சிக்னல் இருக்கான்னு பாத்து ஆடியோ கதவ தெறந்து மூடணும். கூடவே வர்ற டோனையும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர்ல வடிகட்டிட்டு புதுசா டோன் போட்டு அனுப்பணும். இந்த செட்ட புரோகிராம் பண்ண டாஸ்ல ஓடுற சாஃப்ட்வேர் தான், அதுக்காகவே ஒரு கெழட்டு லேப்டாப்ப காப்பாத்தி வச்சிருக்கோம்.

மொபைல் செட்ட ரிப்பீட்டரா ஓட்டுறவங்க மறக்கக்கூடாதது சூடு. கார்ல நிமிஷம் பேசி நிமிஷம் கேக்கிற கணக்குக்கு பண்ண சரக்கு, ரிப்பீட்டர்ல யாராச்சும் ரெண்டு பேர் மாட்டிக்கிட்டா அரை மணி நேரம் விடாம ஓடும். 45 வாட்ஸ் செட்ட 25க்கு இறக்கி, ஹீட்சிங்க்ல பெரிய ஃபேன் ஒண்ணு, டிரான்ஸ்மிட் ஆனா ஓடி அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் ஓடுற மாதிரி. டூப்ளெக்ஸர் ஒண்ணரை டிபி தின்னா 25 வாட்ஸ்ல மேல போறது 17 சொச்சம். போதும். கைல இருக்கிற 5 வாட்ஸ் செட்டு ரிப்பீட்டருக்கு கேட்டா தானே பேச்சு, ரிப்பீட்டர் மட்டும் 50 வாட்ஸ்ல கத்தி என்ன ஆகப்போகுது.

எர்த்திங்க பத்தி ரெண்டு வரி. இங்க செம்மண்ணும் செம்பொறைக் கல்லும், கோடைல எர்த் குழி எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கும். பழைய குழிய தோண்டி கரியும் உப்பும் புதுசா போட்டு தண்ணி ஊத்த ஒரு குழாய் விட்டோம். முக்கியம் அது இல்ல, மாஸ்ட் எர்த், லைட்னிங் அரெஸ்டர் எர்த், பவர் எர்த் மூணும் தனித்தனியா கெடந்துச்சு. இடி விழுறப்ப மூணுக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அது போற வழி உங்க செட்டுக்குள்ள தான். மூணையும் ஒரே செம்புத் தகட்டுல சேத்து கேபிள் வீட்டுக்குள்ள நுழையிற இடத்துலயே வச்சாச்சு. ஐப்பசி கார்த்திகை இடிய இந்த ஊர்க்காரங்களுக்கு சொல்லணுமா.

எல்லாம் முடிஞ்சு காத்தடிக்கிற ஒரு மத்தியானமா பாத்து மறுபடி அளந்தோம். டம்மி லோடுல அரை டிபிக்கு கீழ, ஆண்டெனால ஒரு டிபிக்கு கீழ, காத்து வீசினாலும் ஊசி அசையல. டோன எடுத்துட்டு ஸ்குவெல்ச்ச அதோட சரியான இடத்துக்கு தளர்த்திட்டு அப்படியே விட்டு வச்சோம், தானா ஏறவே இல்ல, அப்புறம் டோன திரும்ப போட்டோம். நெஜ பரீட்சை தைப்பூசத்துக்கு முன்னாடி வந்துச்சு, நகரத்தார் காவடி குன்றக்குடில கூடி பழனிக்கு நடக்கிறப்ப லைசன்ஸ் உள்ள நம்ம ஆளுங்க சிலர் கூட நடந்தாங்க. குன்றக்குடி கூட்டத்துக்கு நடுவுல கைசெட்டுல பேசினது பக்கத்து ரூம்ல பேசுற மாதிரி இருந்துச்சு, திருப்பத்தூர் தாண்டி தான் உடைய ஆரம்பிச்சுது, அது தொடுவானக் கணக்கு, அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

இதுல செலவ பாத்தீங்கன்னா ஹார்ட்லைன் தான் பெருசு. மிச்சம் எல்லாம் போல்ட்டு, பட்டை, கயிறு. வேலைய முடிச்சது மூங்கில் கம்பு.

பராமரிப்புக்கு இப்ப ரூம்ல ஒரு நோட்டு தொங்குது. மாசம் ஒருக்கா போற பவர், திரும்புற பவர், பேட்டரி வோல்ட் எழுதுறோம். ரிசீவர் சென்சிட்டிவிட்டியும் டிசென்ஸும் வருஷத்துக்கு ரெண்டு தரம், சித்திரை வெயில்ல ஒண்ணு, மார்கழிப் பனில ஒண்ணு, டூப்ளெக்ஸர் நகருதான்னு அப்ப தெரியும். ஆனி கடைசில கம்ப எடுத்து ஒரு சுத்து தட்டிடணும், ஆடி பொறந்தப்புறம் ஏறி எறங்குறது கஷ்டம். மாடில கேபிள் நுழையிற பெட்டிக்குள்ள குளவி மண்கூடு கட்டும், டார்ச் அடிச்சு பாத்துட்டு கைய விடுங்க. அப்புறம் மயில். குன்றக்குடிய மயில்மலைன்னு சொல்றோம், மயிலுக்கு அது தெரியாது போல, எல்லாம் காரைக்குடி மாடில தான் உக்காருது. நாலஞ்சு கிலோ பறவை ஸ்டே கயித்துல வந்து உக்காந்து எழுந்தா கயிறு ஆடுற ஆட்டம் ஆடிக் காத்துக்கு குறைஞ்சது இல்ல, அதனால கயிறு தொய்வும் நோட்டுல ஒரு வரி.

மாடில யாரு என்ன புதுசா வச்சாலும், துணி காயப்போடுற கம்பியா இருந்தாலும், நமக்கு ஒரு ஃபோன் பண்ணிடணும்னு பெரியவர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம். ரெண்டு தடவ பண்ணிட்டாரு, ரெண்டும் டிஷ் ஆண்டெனா.

இன்னும் பாக்கி இருக்கிறது தேவகோட்டைல கட்டடங்களுக்கு உள்ள இருந்து கைசெட்டுல பேசுறவங்க. அங்க ஒரு ரிசீவர் மட்டும் வச்சு 434 மெகாஹெர்ட்ஸ் பக்கம் லிங்க் அடிச்சு இங்க கொண்டு வரலாமான்னு பேச்சு ஓடுது. மத்திய அரசோட வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி அனுமதிய கையில வாங்கிட்டு தான் கம்பம் நடணும், அதுக்கு பேப்பர் வேலை நடக்குது. இடம் பாக்க போறப்ப அந்த மாடிக்கும் கம்போட தான் போகணும்.